தேயாத செருப்பு

என் மாமியாரிடம் நான் முதல் குத்து வாங்கியது பெண் பார்க்க வந்த அன்றைக்கே. "என்னம்மா ஆராய்ச்சி பண்ற?" என்று கேட்டார். "நடக்கும்போது பாதத்துல எந்த இடத்துல எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு பாக்கறேன்" என்றேன். "பாத்து?" என்றார். பார்த்து, அளந்து, படம் போட்டு, கட்டுரை எழுதி, வெளிநாட்டில் ஏதோ ஒரு பத்திரிகையில் அச்சேற்றுவோம். அதை நாலு பேர் படிப்பார்கள். அந்த நாலு பேரும் அதே வேலையைச் செய்கிறவர்கள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேசரித் தட்டை நீட்டினேன். "எனக்குச் சர்க்கரை" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. கல்யாணமாகி நான் அங்கே போன பிறகுதான் அவர் பாதத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இடது காலில் சுண்டு விரல் இல்லை. சர்க்கரை முற்றிப்போனால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் தெரியாது. செருப்புக்குள் கிடந்த ஒரு ஜல்லிக்கல் நாள் முழுக்க அறுத்ததைக் கவனிக்காமல் கடைசியில் விரலை எடுக்கும்படி ஆகியிருக்கிறது. இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதமே போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதை என்னிடம் சொல்லும்போதுகூட மாமியார் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

என் தீசிஸ் இரண்டு பிரதி வந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. ஒன்று கல்லூரி லைப்ரரிக்குப் போனது. இன்னொன்று எங்கள் வீட்டு டிவிக்கு மேலே கொஞ்ச நாள் இருந்தது. அதைச் செருப்பாக்கலாம் என்று முதலில் சொன்னவள் என் தோழி. கிழக்குத் தாம்பரத்துக்காரி, எனக்குப் பக்கத்து மேஜையில் அவளும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், ரப்பர் நுரைகளைப் பற்றி. எதைக் கேட்டாலும் முதலில் "முடியும்" என்பாள், எப்படி என்று அப்புறம் யோசிப்பாள். நான் முதலில் கத்துவேன், அப்புறம் செய்வேன். "உன் மேப்ல சிவப்பா இருக்கற இடத்துல என் ஃபோமைப் போடணும், அவ்வளவுதான்டி விஷயம்" என்றாள். ஒரு மனிதரின் பாதத்தில் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே மட்டும் மெத்தென்று குழிந்து கொடுக்கிற செருப்பு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறுபாதியில் இரும்பு கேட் செய்கிறவர் இருந்தார். அவர் பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், எங்கள் பக்கம் ரப்பர் வாடை அடிக்கும். தினமும் அவளுடைய ஸ்கூட்டரில் பல்லாவரம் வழியாகப் போவோம். மழைக்காலத்தில் ரோடு எது பள்ளம் எது என்று தெரியாது. கல்லூரியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பழகிய எனக்கு ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் எரிச்சல் வந்தது. கரண்ட் போனால் எரிச்சல், ரப்பர் ஷீட் ஒரே கனத்தில் வராவிட்டால் எரிச்சல். ஆராய்ச்சியில் ஒன்று சரியாக வந்தால் போதும், அதைப் படம் எடுத்துக் கட்டுரையில் போட்டுவிடலாம். இங்கே நூறாவதும் முதலாவதைப் போலவே வர வேண்டும். அந்த வித்தியாசம் பிடிபடவே எங்களுக்கு வெகுகாலம் ஆனது.

மேற்குத் தாம்பரத்தில் சர்க்கரை நோய்க்கென்று கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா எங்களை நம்பினார். வாரம் இருமுறை எங்கள் அழுத்தப் பலகையை அங்கே கொண்டு போய் வைப்போம். வந்தவர்கள் வெறுங்காலோடு அதன்மேல் நடப்பார்கள். கம்ப்யூட்டரில் பாதம் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். "அட, என் காலா இது, அழகா இருக்கே!" என்பார்கள். செருப்பு தயாராகி வந்ததும் போட்டுப் பார்த்துவிட்டு வாயாரப் புகழ்வார்கள். என் மாமியாருக்கும் ஒரு ஜோடி செய்தேன். போட்டுக்கொண்டு வாசலில் நாலு நடை நடந்து பார்த்து, "பரவாயில்லை" என்றார். முழு மார்க் போட்டே பழக்கமில்லாத டீச்சர் வாயிலிருந்து வந்த பரவாயில்லை அது. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வரவில்லை. அதுதான் எங்கள் கவலை. மெத்தென்ற ரப்பர் காலப்போக்கில் அமுங்கிப் போகும். ஆறேழு மாதத்தில் அடிப்பாகத்தை மாற்றியாக வேண்டும். அந்த மாற்றும் வேலையை நம்பித்தான் கம்பெனி கணக்கே போட்டிருந்தோம். யாரும் வரவில்லையே என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஒருவர் வார் பிய்ந்துவிட்டது என்று செருப்பைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் அப்படியே புதுசு. தோழி அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஒரு ஆட்டமே ஆடினாள். அவளுடைய ரப்பர் அவ்வளவு உறுதி!

அதைப் படம் எடுத்து ஒரு கருத்தரங்கில் காட்டினோம். கைதட்டினார்கள். பிறகு நாங்களே உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: தரம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் வியாபாரம் படுத்துவிட்டது. இதை இரண்டு டாக்டரேட்டுகள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு பேசினோம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ரப்பரைக் கொஞ்சம் மட்டமாகப் போடலாமா என்றுகூட விவாதித்தோம். ஒரு பொருள் தேயவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சிரிப்பு நின்றது ஒரு மே மாதத்தில். நான் வேலை முடிந்து வந்து ஹாலில் கால் வைத்தேன். மொசைக் தரையில் மாடிப்படியிலிருந்து சமையலறை வரைக்கும் வரிசையாக ஈரத் தடம். தண்ணீர் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். துணி இளஞ்சிவப்பானது. ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை அடுப்படியில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"காலைக் காட்டுங்க அத்தை."

"ஏன், என்ன?"

"காட்டுங்கன்னு சொல்றேன்ல!"

வலது பாதம் முழுக்கக் கொப்புளம். கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் வழன்று தொங்கியது. மத்தியானம் மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்த தளத்தில் வெறுங்காலோடு இங்கும் அங்கும் நடந்திருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. "செருப்பு எங்கே? நான் பண்ணிக் கொடுத்த செருப்பு எங்கே?" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வடகம் காயற இடத்துல யாராவது செருப்புப் போட்டுப்பாங்களா?" என்றார்.

டாக்டரம்மா பாதத்தைச் சுத்தம் செய்தார், கட்டுப் போட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டை விரல் தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆழமாகச் சீழ் வைத்தால் அதற்கு மேலேயும் போக வேண்டிவரும் என்றார். புண் ஆறினாலும் அந்தத் தோல் பல மாதங்களுக்கு மெல்லிசாகத்தான் இருக்கும், வெறும் தரையில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அத்தையின் கட்டுப் போட்ட காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். "புடவை அழுக்காயிடும்" என்றார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு ஸ்டாண்டில் நான் செய்த ஜோடி இருந்தது. மேலே தூசி படாமல் ஒரு பிளாஸ்டிக் கவர் வேறு போட்டு வைத்திருந்தார். எடுத்துத் திருப்பினேன். அடிப்பாகம் அப்படியே புதுசு. கோவிலுக்கும் கிளினிக்குக்கும் போட்டுக்கொண்டு போவார், கோவில் வாசலில் கழற்றுவார், கிளினிக் வாசலில் கழற்றுவார், வீட்டு வாசலில் கழற்றுவார். பொழுது விடிந்து பொழுது போகிற வரைக்கும் அவர் நடப்பதெல்லாம் வீட்டுக்குள், வெறுங்காலோடு. நான் அவருக்கு எந்த நேரத்துக்கான செருப்பைச் செய்தேன்?

மறுநாள் தோழியிடம் சொன்னேன். "நம்ம லேப் வாசல்லயே செருப்பை வெளியே விடவும்னு போர்டு இருந்ததுல்ல?" என்றாள். இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எங்கள் பேராசிரியர் மாட்டியது. அத்தனை வருஷமும் அதன் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், ஒரு நாளில் மனிதர்கள் செருப்போடு எத்தனை அடி நடக்கிறார்கள் என்று அயல்நாட்டுக் கட்டுரைகளிலிருந்து எண்ணிக்கையை எடுத்துப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறோம். படுக்கையறை வரை ஷூ போட்டுக்கொண்டு நடக்கிற ஊர்க்காரர்களின் எண் அது.

எங்களிடம் வாங்கினவர்கள் வீடுகளுக்கெல்லாம் போனோம். சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் எங்கள் செருப்பு எங்களை வரவேற்றது. எங்கள் கால் செருப்பையும் அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போய், காபி குடித்துக்கொண்டே, "ஏன் நீங்க வீட்டுக்குள்ள போட்டுக்கறதில்ல?" என்று கேட்டோம். கேட்கிற கேள்வியைப் பார் என்பது போலப் பார்த்தார்கள். தோழி வீட்டில் சாமி அறையே கிடையாது. அப்படியும் அவள் அம்மா செருப்பை வீட்டுக்குள் விட்டதில்லை. "வீட்டுக்கு மட்டும்னு தனியா ஒரு ஜோடி தந்தா?" என்று கேட்டுப் பார்த்தோம். "செருப்பு செருப்புதானேம்மா" என்றார் ஒரு ரிடையர்டு தாசில்தார். ஆசிரியர்கள், கிளார்க்குகள், நர்ஸம்மா ஒருவர், எல்லோரும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

ஆக, அத்தையிடம் பேச்சுவார்த்தைக்குப் போனோம். கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். தோழி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆன்ட்டி, சாக்ஸ் மாதிரி துணியில பண்ணி, அதுக்குள்ள மெத்தையை வெச்சுத் தந்தா போடுவீங்களா?" என்றாள்.

"தரையில இருக்கற அழுக்கெல்லாம் அதுல ஏறும். அதோட சமையல்கட்டுக்கு வரச் சொல்றியா?"

"இது வெளியவே போகாதே ஆன்ட்டி."

"பாத்ரூம் போகும்ல?"

தோழி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கட்டிக்கற புடவை மாதிரி தினம் துவைச்சுக் கொடியில போடற மாதிரி இருந்தா சரி. ஒவ்வொரு நாளும் துவைச்சது. முடியுமா?"

"முடியும் ஆன்ட்டி" என்றாள் இவள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"சாமி ரூமுக்கு மட்டும் எதையும் போட்டுக்கிட்டுப் போகமாட்டேன். அதை இப்பவே சொல்லிட்டேன்" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டார். என் கணவர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல எந்தப் பக்கமும் சேராமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கொண்டேன். "எதை வெச்சுடி முடியும்னு சொன்ன? தினம் துவைச்சா பசை நிக்குமா?" நிற்கவில்லைதான். ஷெட்டுக்கு ஒரு பழைய வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டோம். காலையில் ஒட்டுவோம், துவைப்போம், மாலையில் துணி தனியாக மெத்தை தனியாக மிதக்கும். பசையை மாற்றினோம், மெத்தை விறைத்துப்போனது. துணியை மாற்றினோம், சுருங்கிப்போனது. ஷெட்டுக்கு முன்னால் கயிறு கட்டி நீலமும் சாம்பலுமாகக் கால் உறைகள் தொங்கின. கேட் செய்கிற அண்ணன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து பார்ப்பார். "இன்னா மேடம் இது, பெரிய படிப்பு படிச்சுட்டு தோபி கடை போட்டுகினு கீறீங்க?" என்பார். "பேஜார் பண்ணாதீங்கண்ணா" என்று தோழி கையெடுத்துக் கும்பிடுவாள். அடுத்த நாள் கயிறு தாழ்வாக இருக்கிறது என்று அவரே இரும்புக் குழாயில் ஒரு ஸ்டாண்டு பற்றவைத்துக் கொடுத்தார்.

கடைசியில் பசையையே கைவிட்டோம். துணியின் அடியில் ஒரு பை தைத்து, மெத்தையை அதற்குள் செருகுகிற மாதிரி செய்தோம். துணியைத் துவைக்கலாம், மெத்தையைக் குழாயடியில் கழுவித் துடைத்துவிடலாம். தண்ணீர் குடிக்காத ரப்பர் நுரை அது. இவ்வளவு எளிதான யோசனையை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று கேட்கக் கூடாது. எங்களுக்குப் பசையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற ஆசை இருந்தது. அப்புறம் பார்த்தால் மொசைக் தரையில் வழுக்கியது. அதைக் கண்டுபிடித்தவளும் தோழிதான், எங்கள் வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து டிவி வரைக்கும் சறுக்கிப் போய். கட்டிலில் படுத்திருந்த அத்தை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கால் வெந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்துத் தைத்து அதையும் சரிசெய்தோம்.

அத்தைக்குக் கட்டை விரல் தங்கியது. கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா, மேலே மூடியிருக்கிற தோல் மெல்லிசு, இது இன்னொரு முறை திறந்தால் நான் பொறுப்பில்லை என்றார். அன்றிலிருந்து வீட்டுக்குள் கால் உறைதான். சமையலறைக்கு, மாடிக்கு, கொல்லைக்கு. தினமும் துவைத்து அவரே கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவார். டாக்டரம்மா தன் நோயாளிகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். இந்த முறை வாங்கினவர்கள் திரும்பி வந்தார்கள். மெத்தை அமுங்கிப்போச்சு, துணி நைந்துபோச்சு என்று கோபமாக வருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாக அவர்களை உட்காரவைத்து, பாதத்தை மறுபடி அளந்து, புதுசு தருவோம். குறை சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஷெட்டின் வாடகை அவர்கள் புண்ணியத்தில் தவறாமல் போனது.

எல்லாம் சரி, சாமி அறை மட்டும் சரியாகவில்லை. தினம் காலையில் அதன் வாசலில் உறைகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மெல்லிய தோலோடு வெறும் தரையில் உள்ளே போவார். விளக்கேற்றுவார், சுலோகம் முழுவதையும் நின்றபடியே சொல்வார். கீழே ஊதுபத்திக் கங்கு விழும், தீக்குச்சி கிடக்கும். நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், கணவரை விட்டுச் சொல்லச் சொன்னேன். "அதான் அன்னிக்கே சொல்லிட்டேனே" என்பார். அதற்கு மேல் என்ன செய்வது? ஷெட்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும், அவர் வெளியே வந்து உறையை மாட்டுகிற வரைக்கும் அந்த அறை வாசலிலேயே நிற்பேன். சாயங்காலம் அவர் பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாத்திரையும் தண்ணீருமாகப் போனேன். சாமி அறை வாசலில் உறைகளைக் காணோம். உள்ளே அத்தை விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலில் நீல உறை.

அவர் திரும்பாமலே, "என்ன பாக்கற? நேத்து துவைச்சதுதான்" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே அத்தை."

"நீ கேக்கமாட்ட. தினம் வந்து வாசல்ல நின்னு என் காலையே பாத்துக்கிட்டு இருப்ப. எனக்குச் சாமியே கும்பிட முடியல. கண்ணை மூடினா உன் மூஞ்சிதான் தெரியுது." சூடத்தட்டை எடுத்து ஒருமுறை சுற்றிவிட்டுக் கீழே வைத்தார். "சாமி கோவிச்சுக்கிட்டா நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கறேன். உன்னைத்தான் என்னால சமாதானப்படுத்த முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியதில் தம்ளர் சாய்ந்து தண்ணீர் கீழே சிந்தியது. அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

"அதைத் துடைச்சிட்டு ஷெட்டுக்குக் கிளம்பு" என்றார். "யாராவது வழுக்கி விழப்போறாங்க."